ஆன்லைன்ல பாடம் எடுக்கறவங்களுக்குத் திருப்தி எங்கேருந்து வருது? ஒரு கணக்குப் பேராசிரியரோட அனுபவம்

"ஆன்லைன் வகுப்பு எடுக்கறது உங்களுக்குத் திருப்தியா இருக்கா, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மதிப்பெண் போடுங்க"ன்னு காலேஜ் ஐக்யூஏசி-லேருந்து, அதாவது காலேஜோட தரத்தைக் கவனிக்கற உள் குழுவுலேருந்து, கூகுள் ஃபார்ம் வரும். எல்லாரும் ஒரு நம்பர் போட்டு அனுப்பிடுவோம். ஆனா அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒரு நம்பர்ல அடங்காது. திங்கக்கிழமை கிளாஸ் முடிச்சு லேப்டாப்பை மூடும்போது இந்த வேலையே வேண்டாம்னு தோணியிருக்கு, அதே வாரம் புதன்கிழமை ராத்திரி ஒரு பையனோட நோட்டு ஃபோட்டோவைப் பார்த்துட்டு சந்தோஷத்துல தூக்கமே வரல. ரெண்டுமே ஆன்லைன்தான், அதே நெட்டு, அதே ஃபோன், அதே பசங்க. அப்ப நடுவுல எது மாறுதுன்னு நான் பார்த்த வரைக்கும் சொல்றேன், இப்ப புதுசா ஆன்லைன் கோர்ஸ் எடுக்கப் போற உதவிப் பேராசிரியர்கள் யாராவது படிச்சா உபயோகமா இருக்கும்.

காவிரி டெல்டா பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில பிஎஸ்சி, எம்எஸ்சி பசங்களுக்குக் கணக்கு எடுக்கறேன். 2020 மார்ச்ல காலேஜை மூடினப்ப ரெண்டு வாரத்துல தொறந்துடுவாங்கன்னு நினைச்சோம், அது இழுத்துக்கிட்டே போச்சு. முதல்ல ஜூம், அப்பறம் ஏப்ரல்ல அது பாதுகாப்பு இல்லன்னு மத்திய உள்துறை அறிவுரை விட்டதும் எல்லாரும் கூகுள் மீட்டுக்கு ஓடினோம். தமிழ்நாட்டுல யுஜி கடைசி வருஷப் பசங்களுக்கு டிசம்பர் 7-ந்தேதி தொறந்தாங்க, மத்தவங்களுக்கு 2021 பிப்ரவரி 8. ரெண்டாவது அலையில திரும்ப மூடி செப்டம்பர் 1-ந்தேதிதான் கதவு தொறந்துச்சு, 2022 ஜனவரியில ஒமைக்ரான்னு இன்னொரு தடவை. நடுவுல எங்க பக்கம் 2020 நவம்பர்ல நிவர் புயல், பின்னாடியே டிசம்பர்ல புரெவி புயல், கரண்ட் இல்ல, டவர் இல்ல, வேதாரண்யம் திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பசங்க நாள்கணக்குல லைனுக்கே வரல.

அந்த முதல் செமஸ்டர்ல ஸ்டாஃப் குரூப்ல எல்லாரோட புலம்பலும் நெட்டைப் பத்திதான். நெட் சரியாயிட்டா எல்லாம் சரியாயிடும்னு நம்பினோம். நெட் பிரச்சனை நிஜம்தான், இல்லன்னு சொல்லல. கொரோனாவுக்கு முன்னாடி எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, 2017-18-ல, இந்தியாவுல கிராமத்து வீடுகள்ல 15 சதவீதத்துலதான் இன்டர்நெட் வசதி இருக்குன்னு சொல்லுச்சு, எங்க பசங்கள்ல பெரும்பாலானவங்க அந்த மாதிரி கிராமத்துலேருந்து வர்றவங்க, வீட்டுல முதல் பட்டதாரி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கை வச்சுக்கிட்டு காலையிலேருந்து அஞ்சு கிளாஸ் வீடியோவுல உக்காந்தா மத்தியானத்துக்குள்ள டேட்டா காலி. 2021 ஜனவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி இலவசம்னு அரசு டேட்டா கார்டு குடுத்துச்சு, ஒம்பதரை லட்சத்துக்கு மேல மாணவர்களுக்கு, அது பெரிய உதவி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா டேட்டா வந்த அப்பறமும் எங்க மனசுல இருந்த வெறுமை போகல, அப்பத்தான் விஷயம் வேற எங்கேயோ இருக்குன்னு புரிய ஆரம்பிச்சுது.

வகுப்பறையில நாங்க போர்டுல எழுதறப்ப பாதி வேலையைக் கண்ணுதான் பாக்குது. ஒரு ஸ்டெப் எழுதிட்டுத் திரும்பினா யார் பேனா நின்னிருக்கு, யார் பக்கத்துல இருக்கறவ நோட்டை எட்டிப் பாக்கறா, கடைசி பெஞ்சுல யாருக்கு நெத்தி சுருங்கியிருக்குன்னு தெரிஞ்சுடும், அதை வச்சு அந்த ஸ்டெப்பை இன்னொரு தடவை சொல்றதா, தாண்டிப் போறதான்னு முடிவு பண்ணுவோம், இது யோசிச்சுப் பண்றது இல்ல, வருஷக்கணக்கா எடுத்து எடுத்துத் தானா வர்றது. ஆன்லைன்ல இது மொத்தமா அறுந்து போச்சு. எதிர்ல பேரோட முதல் எழுத்து மட்டும் வட்டம் வட்டமா. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா சாட்ல "எஸ் மேம்" "எஸ் மேம்" "எஸ் மேம்"னு வரிசையா விழும். அந்த "எஸ் மேம்"ல ஒண்ணுமே இல்லங்க. அது அட்டென்டன்ஸ் மாதிரிதான்.

இதைப் பத்தி ஆராய்ச்சியும் இருக்கு. 2009-ல பொல்லிகர், வாசிலிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல ஆன்லைன்ல பாடம் எடுக்கற பேராசிரியர்களோட திருப்தியை அளக்கறதுக்கு ஒரு கேள்வித்தாள் உருவாக்கினாங்க, அதுல மாணவர் சார்ந்தது, ஆசிரியர் சார்ந்தது, நிறுவனம் சார்ந்ததுன்னு மூணு வகையாப் பிரிச்சாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள் நிறைய இதைத்தான் எடுத்துப் பயன்படுத்துது. நான் இதைப் படிச்சப்ப எனக்குத் தோணினது, நம்ம ஊர்ல இந்த மூணையும் தனித்தனியாப் பார்க்கவே முடியாது. மாணவர்கிட்டேருந்து பதில் வந்தாத்தான் ஆசிரியருக்குத் திருப்தி, அந்தப் பதிலைப் படிக்க நேரம் குடுக்க வேண்டியது நிறுவனம், நேரம் இல்லன்னா முதல் ரெண்டும் தானா விழுந்துடும்.

எனக்கு எல்லாம் மாறினது ரியல் அனாலிசிஸ் பேப்பர்லதான். எக்ஸ் ஸ்கொயர் தொடர்ச்சியான ஃபங்ஷன்னு எப்சிலான்-டெல்டா வச்சு நிரூபிக்கற பாடம். அதாவது எப்சிலான்னு ஒரு சின்ன அளவை முதல்லயே குடுத்துடுவாங்க, ஏ-ங்கற புள்ளியிலேருந்து டெல்டா தூரத்துக்குள்ள எந்த எக்ஸ் வந்தாலும் எக்ஸ் ஸ்கொயருக்கும் ஏ ஸ்கொயருக்கும் உள்ள வித்தியாசம் அந்த எப்சிலானுக்குள்ள அடங்கற மாதிரி ஒரு டெல்டாவை நாம கண்டுபிடிக்கணும். நல்லாத்தான் எடுத்தேன், பேனா டேப்லெட்ல ஒவ்வொரு வரியா எழுதி, நிறுத்தி நிறுத்தி. வழக்கம் போல எல்லாரும் "எஸ் மேம்". அன்னைக்கு ஒரு யோசனை வந்து, "இதே நிரூபணத்தை நோட்டை மூடி வச்சுட்டு உங்க கையெழுத்துல எழுதி ஃபோட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க, மார்க் கிடையாது, தப்பா இருந்தா ரொம்ப நல்லது"ன்னு சொன்னேன். அந்த ராத்திரி வந்து விழுந்த ஃபோட்டோவை எல்லாம் ஒண்ணொண்ணாத் தொறந்து பார்த்தா முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்துல சறுக்கியிருக்காங்க. டெல்டாவை, எப்சிலான் பை மாட் எக்ஸ் ப்ளஸ் ஏ-ன்னு எடுத்திருக்காங்க (மாட்னா மைனஸ் குறியை விட்டுட்டு அளவை மட்டும் எடுக்கறது). பார்க்க ரொம்ப அழகா இருக்கும், கடைசியில எல்லாம் அடிச்சுப் போயி எப்சிலான் வந்துடும். ஆனா டெல்டாவுல எக்ஸ் இருக்கவே கூடாது, ஏன்னா டெல்டாவை முடிவு பண்ணின அப்பறம்தான் எக்ஸே வருது.

ஒரு பொண்ணோட ஃபோட்டோ மேல வாட்ஸ்அப்பிலேயே சிவப்புல அந்த எக்ஸை வட்டம் போட்டு வாய்ஸ் நோட் அனுப்பினேன், "இந்த எக்ஸ் யாரும்மா? இன்னும் பந்திக்கே வரல, வராத ஆளைக் கேட்டுக்கிட்டு எப்படி இலை போடுவ?"ன்னு. கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்பறம் இன்னொரு ஃபோட்டோ வந்துச்சு, பழைய வரியை அடிச்சுட்டு, டெல்டா ஒண்ணைத் தாண்டக் கூடாதுன்னு முதல்ல கட்டி வச்சு, அப்ப மாட் எக்ஸ் ப்ளஸ் ஏ எப்பவும் ரெண்டு மாட் ஏ ப்ளஸ் ஒண்ணுக்குள்ள அடங்கிடும்னு எழுதி, எப்சிலானை அதால வகுத்து, வர்ற அந்த அளவு, 1-ங்கற எண், இந்த ரெண்டுல சின்னதுதான் டெல்டான்னு முடிச்சிருந்தா. நான் சொல்லிக் குடுத்த வரி இல்ல, அவளாக் கண்டுபிடிச்சது. கீழ பென்சில்ல சின்னதா "இப்ப எக்ஸ் வரலாம்"னு எழுதியிருந்தா. எத்தனையோ வருஷம் இந்தப் பாடத்தை வகுப்பறையில எடுத்திருக்கேன், ஒரு மாணவிக்கு இந்த இடம் விளங்கற அந்தக் கணத்தை இவ்வளவு கிட்டத்துல பார்த்தது அதுதான் முதல் தடவை. வகுப்பறையில அறுபது பேர் நோட்டையும் யாராலயும் இப்படிப் பார்க்க முடியாது.

அதுக்கு அப்பறம் நான் கிளாஸை அப்படியே திருப்பிப் போட்டுட்டேன். பாடம் சொல்றதைக் குறைச்சு, பதில் வாங்கறதுக்கு நேரத்தை ஒதுக்கினேன். என்ன செஞ்சேன்னு சொல்றேன், உங்க சப்ஜெக்ட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

ஒரு மணி நேரப் பாடத்தை நேரலையா எடுக்கறதை நிறுத்தினேன். பத்து நிமிஷத்துக்கு மிஞ்சாத சின்னச் சின்ன வீடியோவா, ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து, கூடவே அதே விஷயத்தைக் கையால எழுதின ரெண்டு பக்க பிடிஎஃப். வீடியோ இறங்காதவங்களுக்கு பிடிஎஃப்பும் ஆடியோவும் போதும், ஆடியோ ஒரு எம்பி ரெண்டு எம்பிதான் வரும், டூஜியிலயும் இறங்கிடும். முக்கியமா ஆடியோவுல "இந்த வரி", "இதோ இங்க பாருங்க"ன்னு சொல்லாம "மூணாவது வரியில இருக்கற டெல்டா"ன்னு பேர் சொல்லிப் பேசப் பழகணும், இல்லன்னா கேக்கறவங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

பேனா டேப்லெட் வாங்க முடிஞ்சா வாங்குங்க, கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஆளுங்களுக்கு அது இல்லாம கஷ்டம், ஆனா ஆரம்பத்துல கை பழகற வரைக்கும் எழுத்து கோணலாத்தான் வரும். இல்லன்னா ரெண்டு உயரமான எவர்சில்வர் டப்பா, மேல குறுக்க ஒரு ஸ்கேல், அதுல ஃபோனைக் கவுத்துப் படுக்க வச்சு கீழ வெள்ளைப் பேப்பர்ல ஸ்கெட்ச்ல எழுதினா போதும். பக்கவாட்டுல ஒரு டேபிள் லாம்ப் வைக்கணும், ட்யூப்லைட் மட்டும் இருந்தா ஃபோனோட நிழல் பேப்பர் மேலயே விழும்.

நோட்டு ஃபோட்டோ விஷயத்துல ஒரு சின்ன ஒழுங்கு இருந்தா நமக்குக் கண்ணு பிழைக்கும். ஆரம்பத்துல எல்லாரும் கேம்ஸ்கேனர்தான், 2020 ஜூன் கடைசியில 59 ஆப்பைத் தடை பண்ணினப்ப அதுவும் போச்சு, அப்பறம் அடோபி ஸ்கேன், கூகுள் ட்ரைவ் ஸ்கேன்னு மாறினாங்க. பக்கத்தோட மேல வலது மூலையில ரெஜிஸ்டர் நம்பர், நடுவுல ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதணும், வெளியில வெளிச்சத்துல வச்சு எடுக்கணும், இவ்வளவுதான் சட்டம். எல்லா நோட்டையும் எல்லா வாரமும் திருத்த முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க, படுத்துடுவீங்க. வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு, அதுவும் எந்த இடத்துல பசங்க சறுக்குவாங்கன்னு நமக்குத் தெரியுமோ அந்த ஒரு கணக்கு. எல்லாத்தையும் வேகமாப் பார்த்துட்டு, வகை வகையா எந்தத் தப்பு வந்திருக்குன்னு பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாய்ஸ் நோட், எங்கயாவது வித்தியாசமான தப்பு இருந்தா அவங்களுக்குத் தனியா.

அப்பறம் நேரம். பகல்ல ஃபோன் அப்பா கையில வேலைக்குப் போயிடும், இல்ல அண்ணனோட கடைக்குப் போயிடும், ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் வீட்டுக்கு வரும். அதனால காலை ஒம்பது மணி கிளாஸ்ல ஆள் இல்லன்னு கோவிச்சுக்கறதுல அர்த்தமே இல்ல. லாக்டவுன்ல நிறையப் பசங்க வேலைக்குப் போயிட்டாங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனி, ஊர்ல நடவு, மெடிக்கல் ஷாப். ராத்திரி எட்டுலேருந்து ஒம்பது வரைக்கும் அஞ்சாறு பேரா வரச் சொல்லி கான்ஃபரன்ஸ் கால் மாதிரி பேசினேன், வீடியோ கிடையாது. அம்பது பேர் இருக்கற மீட்ல வாயே தொறக்காத பையன் அஞ்சு பேர் இருக்கற கால்ல "மேம், எனக்கு முதல்லேருந்தே புரியல"ன்னு சொல்லிடுவான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேக்கறதுக்காகத்தானே நாம வேலைக்கு வந்திருக்கோம்.

கேமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கற வீடு, பின்னாடி பாட்டி படுத்திருப்பாங்க, தம்பி அழுதுக்கிட்டு இருப்பான், பொண்ணு எந்த மூலையில உக்காந்து கேமரா போடும்? முகம் தெரிஞ்சாத்தான் கவனிக்கறாங்கன்னு நிர்வாகம் சொல்லும். முகம் தெரிஞ்சு எனக்கு ஆகப் போறது ஒண்ணுமில்ல, நோட்டு தெரிஞ்சா போதும்.

இப்ப காலேஜ் பக்கம் வரேன், ஆசிரியர்களோட மனசு உண்மையில உடையற இடம் அதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யோட 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, மொத்த வேலை 40 மணி நேரம். ஆன்லைன்ல பத்து நிமிஷ வீடியோ ஒண்ணு தயார் பண்ண, எழுத, பதிவு பண்ண, தப்பு வந்தா திரும்ப எடுக்க, ஏத்தன்னு அரை நாள் போயிடும், நோட்டு பாக்கறது தனி. இது எதுவும் அந்த 16-ல வராது. டைம்டேபிள் பழையபடியே இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு மணி நேரமும் மீட்டோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடணும், எத்தனை பேர் இருந்தாங்கன்னு எக்செல்ல போடணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தனியார் கல்லூரியில சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுட்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும் முழுசாக் கேட்டாங்க. அங்க வேலை பார்த்த என் தோழி அருமையா இங்கிலீஷ் இலக்கணம் எடுக்கறவங்க, வேலையை விட்டுட்டு வீட்டுல ட்யூஷன் எடுக்கப் போயிட்டாங்க. அவங்ககிட்ட ஆன்லைன் திருப்தியா இருந்துச்சான்னு கேட்டா என்ன சொல்வாங்க? டெக்னாலஜி மேல அவங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல, நம்பாம வேலை வாங்கினதுதான் வலி.

எங்க டிபார்ட்மென்ட்ல நிலைமை மாறினதுக்குக் காரணம் எங்க ஹெச்ஓடி சார். நோட்டு பாத்த கணக்கை நான் ஒரு மாசம் எழுதி வச்சு எடுத்துட்டுப் போயி, வாரத்துல ஒரு பேப்பருக்கு ரெண்டு பீரியடை பதில் சொல்ற நேரமா டைம்டேபிள்லயே போட்டுக் குடுங்க சார், அதுக்கு ஆதாரமா திருத்தின நோட்டோட ஃபோல்டரைக் காட்டறேன், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்னு கேட்டேன். சார் முழுசாக் கேட்டுட்டு பிரின்சிபல்கிட்ட பேசி வாங்கிக் குடுத்தார். அந்த ரெண்டு பீரியட் எங்க வாழ்க்கையையே மாத்துச்சு, நான் மிகைப்படுத்தல. ராத்திரி பதினொரு மணிக்கு வர்ற மெசேஜுக்குப் பதில் சொல்லாம இருக்க தைரியம் வந்துச்சு, ஏன்னா பதில் சொல்ல நேரம் ஒண்ணு இருக்குன்னு பசங்களுக்கும் தெரியும். நீங்களும் கேளுங்க, வெறுங்கையோட போகாம கணக்கோட போயி கேளுங்க.

தேர்வைப் பத்தி சுருக்கமா. ஆன்லைன்ல நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற டெஸ்ட் வச்சா அஞ்சு நிமிஷத்துல விடை வாட்ஸ்அப்ல சுத்திடும். கேமரா வச்சு, ஏஐ வச்சுக் கண்காணிக்கறது தீர்வு இல்லங்கறதை 2021 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழகம் நடத்தின செமஸ்டர் தேர்வுல எல்லாரும் பார்த்தோம், அவ்வளவு குளறுபடி, கடைசியில திரும்ப எழுத வாய்ப்புக் குடுக்க வேண்டியதாப் போச்சு. நான் இன்டர்னலுக்கு ஒவ்வொருத்தர் ரெஜிஸ்டர் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தைக் கணக்குக்குள்ள வச்சுக் குடுப்பேன், ஒவ்வொருத்தருக்கும் விடை வேற. அப்பறம் ஃபோன்ல அஞ்சு நிமிஷம், "இந்த ஸ்டெப் ஏன் போட்ட?"ன்னு ஒரு கேள்வி. காப்பியடிச்சவங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வராது, ஆனா அவங்களைத் திட்டறதுக்கு நான் அதைப் பயன்படுத்தல, அந்த ஸ்டெப்பை அப்பவே சொல்லிக் குடுத்துடுவேன்.

இப்ப காலேஜ் முழுக்க நேர்லதான், ஆனா ஆன்லைன் போகல. 2020-ல யுஜிசி தொலைநிலைப் படிப்புக்கும் ஆன்லைன் படிப்புக்கும் சேர்த்து விதிமுறை கொண்டு வந்த அப்பறம் பல்கலைக்கழகங்கள் முழுசா ஆன்லைன்லயே டிகிரி நடத்துது, அப்படி ஒரு எம்எஸ்சி-க்கு நான் வார இறுதியில பாடம் எடுக்கறேன். அதுல படிக்கறவங்க வேற ரகம், பள்ளிக்கூட டீச்சர்ஸ், பேங்க்ல வேலை பாக்கறவங்க, கல்யாணம் ஆகிப் படிப்பு நின்னு போய்ப் பத்து வருஷம் கழிச்சுத் தொடர்ற பெண்கள். ராத்திரி குழந்தையைத் தூங்க வச்சுட்டு வந்து உக்காந்து குரூப் தியரியில நார்மல் சப்குரூப் ஏன் வேணும்னு கேக்கறாங்க. காலேஜ் வாசலுக்கே வர முடியாதவங்க இவங்க, இந்த வகுப்பு ஆன்லைன்ல இல்லன்னா எனக்கும் இவங்களுக்கும் சந்திப்பே இல்ல. இது குடுக்கற திருப்தியை நேர் வகுப்பு குடுக்காது.

ஆனா இங்கயும் அதே சண்டைதான். ஆன்லைன் பாடத்துக்கு நாலு பகுதி இருக்கணும்னு மத்திய அரசோட ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் காலத்துலேருந்து ஒரு கட்டமைப்பு, வீடியோ, படிக்கற பாடக்குறிப்பு, தானா மதிப்பிட்டுக்கற டெஸ்ட், விவாதப் பகுதி. எனக்குத் தெரிஞ்சு முதல் மூணுக்கும் ஸ்டுடியோ, டெட்லைன், மதிப்பூதியம், சரிபார்க்க ஆள்னு எல்லாம் இருக்கு. நாலாவதான விவாதப் பகுதிக்கு மட்டும் "ஃபேகல்டி பாத்துப்பாங்க"ன்னு ஒரு வரி. சந்தேகம் வர்ற இடம் அது, பதில் போற இடம் அது, படிப்பை விடலாமான்னு யோசிக்கறவங்க நிக்கற இடமும் அதுதான், அதுக்குத்தான் ஆளும் இல்ல நேரமும் இல்ல.

அதனால ஆன்லைன் கோர்ஸ் எடுக்க உங்களைக் கூப்பிட்டா வீடியோவுக்கு எவ்வளவு தருவீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு பேட்ச்ல எத்தனை பேர், சந்தேகத்துக்குப் பதில் சொல்ற நேரத்துக்குத் தனியாக் கணக்கு உண்டா, கூட ஒரு ட்யூட்டர் தருவீங்களா, நான் பதிவு பண்ணின வீடியோவை நான் போன அப்பறமும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க, அப்ப அதுல வர்ற சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வாங்க, இதையெல்லாம் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. நாங்க ஒரு சில பேர் சேர்ந்து எங்க கோர்ஸுக்கு முப்பது பேருக்கு ஒரு ட்யூட்டர் வேணும்னு போன மாசம் எழுதிக் குடுத்திருக்கோம். எம்எஸ்சி முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருக்கற எங்க பழைய மாணவர்களையே அதுக்குப் போடலாம்னும் எழுதியிருக்கோம், அவங்களுக்கு ஆன்லைன்ல எப்படிப் படிச்சோம்னு எங்களை விட நல்லாத் தெரியும்.